சீனாவுக்கு ஏற்றுமதி: ஆலோசகருக்குப் பணம் கட்டுமுன் செய்ய வேண்டியவை

சிராங்கூன் ரோட்டில் மசாலாக் கடை வைத்திருப்பவராகட்டும், செனோக்கோவில் சம்பல் அரைக்கும் சிறு ஆலைக்காரராகட்டும், சீனச் சந்தையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, அங்க நல்ல பார்ட்டி யாராச்சும் தெரியுமா?” பார்ட்டி கிடைப்பது பெரிய காரியமே இல்லை. ஷாங்காயில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தால் பை நிறைய முகவரி அட்டைகள் சேரும். நம் பொருள் உள்ளே போகலாமா, வரி எவ்வளவு, நம் பெயர் அங்கே இன்னும் நம்முடையதுதானா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் பார்ட்டியைப் பிடித்தால், விடைகளை அவரே எழுதிக்கொள்வார். அவருக்குச் சாதகமாகத்தான் எழுதுவார்.

சிங்கப்பூரின் சிறு, நடுத்தர நிறுவனங்கள் சீனாவுக்குப் பொருள் அனுப்ப ஆலோசனை சொல்வது என் தொழில். அதனால் இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் நஷ்டம்: பாதி வேலையை யாருக்கும் காசு கொடுக்காமல் நீங்களே முடிக்கலாம். எந்தப் பாதி என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். உணவுப் பொருளை வைத்தே பேசுகிறேன். நம்மவர்கள் அதிகம் அனுப்ப நினைப்பது அதைத்தான், விதிகள் நெருக்கமாக இருப்பதும் அங்கேதான்.

ஒரு நிபந்தனையை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வணிகச்சின்னம், ஆலைப் பதிவு, இணையக் கடை என்று சீனாவில் உங்கள் பொருளுக்காகப் பதிவாகும் எதுவும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஆலோசகர் பெயரிலோ இறக்குமதியாளர் பெயரிலோ இருக்கக்கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் இதை மாற்றிச் செய்யச் சொல்வார், அதுவும் உங்களுக்கு உதவுவதுபோல.

முதல் படி: பொருள் எந்த மண்ணில் தயாராகிறது?

சிங்கப்பூரில் நிறுவனம் பதிந்திருப்பதாலேயே பொருள் சிங்கப்பூர்ப் பொருள் ஆகிவிடாது. இங்கேயே அரைத்து அடைப்பது ஒன்று. ஜொகூரில் தயாரித்து இங்கே கொண்டுவருவது வேறு. தமிழ்நாட்டிலிருந்து மூட்டையாக வந்ததை இங்கே சிறு பொட்டலமாக்கி நம் பெயரை ஒட்டுவது இன்னொன்று. சீனச் சுங்கம் பதிவு செய்வது உற்பத்தி ஆலையை. ஆலை இருக்கும் நாட்டின் அரசு அமைப்போடுதான் அது பேசும். பொட்டலம் இந்தியாவில் தயாராகிறது என்றால் சிங்கப்பூரில் எவ்வளவு அலைந்தாலும் பயனில்லை. அங்குள்ள உற்பத்தியாளர்தான் இந்தியா வழியாகப் பதிவுக்குப் போக வேண்டும்.

வரியும் இதைப் பொறுத்தே அமைகிறது. சீன–சிங்கப்பூர் தடையற்ற வர்த்தக உடன்பாடு 2009 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 2019 அக்டோபரிலும் 2024 டிசம்பர் 31 அன்றும் மேம்பட்ட வடிவங்கள் நடப்புக்கு வந்தன. இதன்கீழ் சிங்கப்பூர்ப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குச் சீனாவில் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் ‘சிங்கப்பூர்ப் பொருள்’ என்று நிரூபிக்க வேண்டும். பொதுவான விதி, பொருளின் ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 40 விழுக்காடு இங்கே உருவாகியிருக்க வேண்டும் என்பது. தனி விதி உள்ள பொருள்களும் உண்டு, ஆகவே உடன்பாட்டின் இணைப்பைத் திறந்து உங்கள் பொருளுக்கான விதியைத் தேடிப் பாருங்கள்.

கணக்கு எளிது. ஒரு பெட்டி கறி விழுதைக் கப்பலில் ஏற்றும் விலை 100 வெள்ளி என்று வையுங்கள். குண்டூர் மிளகாய், ஈரோட்டு மஞ்சள், இந்தோனேசியத் தேங்காய்ப்பால் என்று வெளியிலிருந்து வந்த மூலப்பொருள்களின் மதிப்பு 60 வெள்ளியைத் தாண்டக்கூடாது. வெறுமனே பிரித்து அடைப்பதும் சீட்டு ஒட்டுவதும் கணக்கில் வராது. 2022 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வட்டார வர்த்தக உடன்பாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் உறுப்பு நாடுகளின் மூலப்பொருளைச் சேர்த்துக் கணக்கிடலாம். இந்தோனேசியத் தேங்காய்ப்பால் அப்படிச் சேரும். இந்திய மிளகாய் சேராது, ஏனெனில் இந்தியா 2019 நவம்பரில் ஆர்செப் பேச்சிலிருந்து விலகிவிட்டது. நம் மசாலாக்காரர்களில் பலர் இந்த இடத்தில்தான் திகைத்துப்போகிறார்கள்.

இரண்டாம் படி: அந்தப் பொருளுக்குக் கதவு திறந்திருக்கிறதா?

முதலில் சுங்கக் குறியீட்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள். முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே. சாஸ், கலவைச் சுவையூட்டிகள் பெரும்பாலும் 2103.90இல் வரும். சிங்கப்பூரில் எட்டு இலக்கம். சீனாவில் பத்து, அதன்பின் ஆய்வுக்காக இன்னும் மூன்று. கடைசி இலக்கங்களை உங்கள் சீன இறக்குமதியாளரோ அங்குள்ள சுங்க முகவரோ உறுதி செய்யட்டும், இங்கிருந்து ஊகிக்காதீர்கள்.

அடுத்து ஆலைப் பதிவு. சீனச் சுங்கப் பொது நிர்வாகம் 2021 ஏப்ரலில் 248, 249 என்ற இரண்டு ஆணைகளை வெளியிட்டது. 2022 ஜனவரி 1 முதல் சீனாவுக்கு உணவு அனுப்பும் வெளிநாட்டு ஆலை ஒவ்வொன்றும் அங்கே பதிந்திருக்க வேண்டும் என்றாயிற்று. 248க்குப் பதிலாக 280ஆம் ஆணை 2026 ஜூன் 1 முதல் நடப்புக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே பழைய வழிகாட்டிகளை அச்சடித்து நீட்டும் ஆலோசகரிடம், “இது எந்த ஆணைப்படி?” என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

248ஆம் ஆணை உணவுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தது. இறைச்சி, பால், கடலுணவு, தேன், முட்டை, பறவைக்கூடு, சமையல் எண்ணெய், பருப்பு வகை, கொட்டைகள், உலர்பழம், மிளகு பட்டை போன்ற மசாலாப் பொருள்கள், உள்ளடைத்த மாவுப் பண்டங்கள் உள்ளிட்ட 18 வகைகளுக்கு ஆலை இருக்கும் நாட்டின் அரசு பரிந்துரைக்க வேண்டும். சிங்கப்பூரில் அது சிங்கப்பூர் உணவு அமைப்பு. மற்றவற்றுக்கு ஆலையே சீனச் சுங்கத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். புதிய ஆணையில் வகைப் பட்டியல் அவ்வப்போது மாறக்கூடியதாக ஆக்கப்பட்டிருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள பட்டியலையே நம்புங்கள்.

இந்தப் பிரிவினையில் நம் பண்டங்கள் விழும் இடம் வேடிக்கையானது. முறுக்கு எளிய பக்கம் விழும். சமோசா உள்ளே உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டிருப்பதால் கடினமான பக்கத்துக்குப் போய்விடக்கூடும். அரைத்த மிளகு ஒரு பக்கம், அதே மிளகு கலந்த சாஸ் மறுபக்கம். முதன்முறை அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது: எளிய பக்கத்தில் உள்ள ஒரே ஒரு பொருளோடு தொடங்குங்கள். கடையில் நாற்பது வகை இருக்கலாம், நாற்பதையும் ஒன்றாகக் கொண்டுபோக ஆசைப்பட்டால் மிகக் கடினமான ஒன்று மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும்.

பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். அதற்கென்று சீனச் சுங்கம் கட்டணம் வாங்குவதில்லை. ‘அரசுக் கட்டணம்’ என்று யாராவது தொகை எழுதினால் ரசீது கேளுங்கள். உள்நுழையும் கணக்கும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்கட்டும். பதிவு எண்ணைப் பொட்டலத்தின் மீதும் வெளிப்பெட்டியின் மீதும் அச்சிட வேண்டும் என்பதால், அந்தக் கணக்கு பிறர் கையில் இருந்தால் நாளைக்கு ஒரு முகவரியை மாற்றக்கூட அவரைக் கெஞ்ச வேண்டிவரும்.

பிறகு செய்பொருள் பட்டியல், அதாவது உங்கள் பொருளுக்குள் என்னென்ன சேர்கிறது என்பது. இங்கே பலர் வழுக்குகிறார்கள். நிறமி, பதனப்பொருள் போன்ற சேர்மானம் சிங்கப்பூரில் அனுமதி பெற்றதாலேயே சீனாவிலும் செல்லும் என்பதில்லை. அங்கே சேர்மானங்களுக்கான தேசியத் தரம் ஜிபி 2760. அதன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு 2025 பிப்ரவரி 8 முதல் நடப்பில் உள்ளது. ஒரு சேர்மானம் பட்டியலில் இருந்தால் போதாது. உங்கள் உணவு வகைக்கு, உங்கள் அளவுக்கு அனுமதி இருக்க வேண்டும். டீஹைட்ரோஅசிடிக் அமிலம் என்ற பதனப்பொருள் முன்பு ரொட்டி, கேக் போன்றவற்றுக்குச் செல்லுபடியாக இருந்தது. புதிய பதிப்பில் அந்த வகைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் வாங்கும் கலவைப்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் விநியோகிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். ‘அனுமதிக்கப்பட்ட நிறமி’ என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள்.

மூலிகை கலந்த பொருள் என்றால் இன்னொரு வடிகட்டி உண்டு. சீனாவில் உணவாக உண்ணும் வழக்கமில்லாத பொருளுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். முருங்கை இலைக்கு 2012இல் அது கிடைத்துவிட்டது. நம் சித்த, ஆயுர்வேதச் சரக்குகளில் எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அழகுப் பொருள்களின் கதை தனி. தலைமுடிச் சாயம் அங்கே சிறப்பு வகை, முன்கூட்டியே அரசிடம் பதியாமல் நுழையாது. அதற்கு அந்தத் துறையை மட்டுமே செய்யும் ஆளைத் தேடுங்கள், உணவு ஆலோசகரிடம் போகாதீர்கள்.

மூன்றாம் படி: பெயரைப் பதியுங்கள், இன்றே

வரிசைப்படி இது மூன்றாவது, அவசரத்தில் முதலாவது. சீனாவில் வணிகச்சின்னம் முதலில் விண்ணப்பித்தவருக்கே. சிங்கப்பூரில் நாற்பது ஆண்டாக உங்கள் தாத்தா பெயரில் கடை ஓடுகிறது என்ற வாதம் அங்கே தானாக எடுபடாது. கண்காட்சிக்குப் போகுமுன், மாதிரி அனுப்புமுன், சமூக ஊடகத்தில் சீன மொழியில் ஒரு பதிவு போடுமுன் விண்ணப்பித்துவிடுங்கள்.

வழி இரண்டு. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் வணிகச்சின்னம் கேட்க வழிசெய்யும் மாட்ரிட் முறையில் சிங்கப்பூர் 2000 அக்டோபர் 31 முதல் உள்ளது, சீனாவும் உறுப்பு நாடு. அதனால் இங்குள்ள அறிவுசார் சொத்து அலுவலகம் வழியாகவே சீனாவைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். அல்லது சீன வணிகச்சின்ன முகவர் வழியாக நேரே போகலாம். அங்கே அலுவலகம் இல்லாத வெளிநாட்டு நிறுவனம் முகவர் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. நான் இரண்டாவதையே சொல்வேன். வணிகச்சின்னத்துக்காகப் பொருள்களை வகுப்புகளாகப் பிரிப்பார்கள்; சீனா ஒவ்வொரு வகுப்பையும் மேலும் உள்வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மசாலா, சாஸ், அரிசி, நூடல்ஸ், இனிப்பு எல்லாம் 30ஆம் வகுப்புதான், ஆனால் சாஸுக்கு வாங்கிய பாதுகாப்பு நூடல்ஸுக்கு ஒட்டாமல் போகலாம். உள்ளூர் முகவருக்கு இந்தச் சந்து பொந்து தெரியும். ஊறுகாய் வகைகளுக்கு 29ஐயும் பாருங்கள். இணையவழி விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் ஒரு வகுப்பில் பத்துப் பொருள் வரை 270 யுவான். முகவர் கூலி அதற்குமேல். பதிவு பத்தாண்டு செல்லும்; தொடர்ந்து மூன்றாண்டு பயன்படுத்தாவிட்டால் யாரும் ரத்துக் கேட்கலாம்.

ஆங்கில எழுத்துப் பெயர் மட்டும் போதாது. வாங்குபவர்கள் எப்படியும் ஒரு சீனப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். அதை நீங்களே தேர்ந்து பதியாவிட்டால் உங்கள் விநியோகிப்பாளர் தேர்ந்து, அவர் பெயரில் பதிந்துகொள்வார். “நான் பார்த்துக்கிறேன், உங்களுக்கு ஏன் சிரமம்” என்ற குரல் வரும் இடம் இதுதான். விண்ணப்பம் சமர்ப்பித்ததும் ஒப்புகைச் சீட்டில் விண்ணப்பதாரர் பெயரை, சிங்கப்பூரின் நிறுவனப் பதிவு அமைப்பான அக்ராவில் உள்ள உங்கள் நிறுவனப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: பொட்டலத்தின் மேல் என்ன இருக்க வேண்டும்

முன்பொதிந்த உணவின் சீட்டுக்கான தரம் ஜிபி 7718. நெடுநாள் நடப்பிலிருந்த 2011ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பதிலாக 2025இல் வெளியான புதிய பதிப்பு 2027 மார்ச் 16 முதல் கட்டாயம். இரண்டையும் மனத்தில் வைத்து இப்போதே வடிவமைத்தால் அச்சுச் செலவு ஒருமுறையோடு போகும். எளிய சீன எழுத்தில் பெயர், அளவு வாரியாக இறங்குவரிசையில் செய்பொருள்கள், நிகர எடை, தயாரித்த நாள், கெடாத காலம், வைக்கும் முறை, உற்பத்தி நாடு, சீனாவில் பொறுப்பேற்கும் முகவரின் பெயர், முகவரி, தொடர்பு எண். எழுத்தின் உயரம் பொதுவாக 1.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஊட்டச்சத்து அட்டவணையில் பழைய விதிப்படி ஆற்றலோடு நான்கு சத்துகள். புதிய விதியில் நிறைவுற்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்கின்றன. ஒவ்வாமைப் பொருள் குறிப்பும் கட்டாயமாகிறது.

புதிய பதிப்பில் நம்மவர்களைச் சுடப்போகும் விதி ஒன்று: ‘எதுவும் சேர்க்காதது’ என்ற வகை வாசகங்களுக்குத் தடை. நம் மசாலாப் பொட்டலங்களில் பாதி அந்த வரியில்தான் வாழ்கின்றன. ‘சர்க்கரையைக் குறைக்கும்’, ‘மூட்டுவலி தீர்க்கும்’ என்பவை எப்போதுமே ஆகாது, உணவுக்கு நோய் தீர்க்கும் உரிமை அங்கே இல்லை. விளம்பரத்திலும் கவனம் வேண்டும். 2015 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள விளம்பரச் சட்டம் ‘மிகச் சிறந்த’, ‘நாட்டிலேயே முதல்தரம்’ போன்ற உச்சச் சொற்களைத் தடுக்கிறது. அபராதம் 200,000 யுவானில் தொடங்குகிறது. சிங்கப்பூர் விளம்பரத்தை அப்படியே சீனத்தில் மாற்றிப் போடும் கடைகளுக்கு இது பெரிய அடி.

சீன எழுத்தை ஒட்டுச்சீட்டாகப் போடலாம், ஆனால் தயாரித்த நாளைப் பின்னால் ஒட்டவோ திருத்தவோ கூடாது. அது பொட்டலத்திலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: எந்தச் சாலை?

சாலை இரண்டு. ஒன்று வழக்கமான வணிகம்: இறக்குமதியாளர் வாங்கி, தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் கட்டி, கடைக்கும் உணவகத்துக்கும் விற்பார். மதிப்புக்கூட்டு வரி பொதுவாக 13 விழுக்காடு. மற்றது எல்லைகடந்த மின்வணிகம்: டிமால் குளோபல், ஜேடி போன்ற தளங்களில் வாங்குபவர் நேரே வாங்குவார். அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள பொருளுக்கு மட்டும் இது பொருந்தும். ஒரு கொள்முதல் 5,000 யுவானையும் ஒருவரின் ஆண்டுக் கணக்கு 26,000 யுவானையும் தாண்டாதவரை தீர்வை இல்லை, மதிப்புக்கூட்டு வரியில் 70 விழுக்காடு மட்டும், அதாவது 13க்குப் பதில் 9.1. பொட்டலத்தில் சீனச் சீட்டும் ஒட்ட வேண்டியதில்லை, தளத்தில் மின்வடிவில் காட்டினால் போதும்.

கேட்டதும் எல்லோருக்கும் இரண்டாவதுதான் இனிக்கிறது. என் கருத்து வேறு. கறி விழுது கனமானது, விலை குறைவானது. ஒரு புட்டிக்கு ஆகும் அனுப்புச் செலவு, தளத்தின் முன்வைப்புத் தொகை, ஆண்டுக் கட்டணம், கமிஷன், கடையை நடத்தித்தரும் நிறுவனத்தின் சம்பளம், இதற்கெல்லாம் மேலே விளம்பரம் என்று கூட்டினால் புட்டியின் விலையை விட அதிகம் வரும். எடை குறைந்து விலை கூடிய பொருள்களுக்கு, உதாரணமாகச் சத்துணவு, அழகுப்பொருளுக்கு, அந்தச் சாலை பொருந்தும். மசாலா, விழுது, சம்பல் விற்பவர்களுக்கு ஷாங்காய், குவாங்சோ, ஷென்ஸென் போன்ற ஊர்களில் தென்கிழக்காசிய உணவகங்களுக்குச் சரக்குப் போடும் ஓர் இறக்குமதியாளர் போதும். உணவகம் மாதாமாதம் வாங்கும். வீட்டுக்காரர் ஒருமுறை ஆசைக்கு வாங்கிப் பார்த்து நிறுத்திவிடலாம்.

‘சீனா’ முழுவதையும் சந்தையாக நினைக்காதீர்கள். குவாங்டோங்கின் நாக்குக்குக் காரம் குறைவாக வேண்டும், சிச்சுவானுக்கு நம் மிளகாய் ஒரு பொருட்டே இல்லை. ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாங்காங் வழியாக ‘வேறு விதமாக’ உள்ளே அனுப்பித் தருகிறேன் என்பவர்களும் வருவார்கள். அது கடத்தல். பிடிபட்டால் சரக்கு மட்டும் போகாது, நீங்கள் பதிந்துவைத்த ஆலைக்கும் கெட்ட பெயர் வரும்.

ஆறாம் படி: இப்போது ஆலோசகர்

இதுவரை சொன்னதில் உங்களால் முடிந்ததை ஒரு தாளில் எழுதுங்கள்: உற்பத்தி இடம், சுங்கக் குறியீடு, மூலப்பொருள் மதிப்புக் கணக்கு, செய்பொருள் பட்டியல், எந்த ஊர், எந்தச் சாலை. அந்தத் தாளோடு வருகிற வாடிக்கையாளரிடம் எந்த ஆலோசகரும் கதை அளக்க முடியாது.

பணம் கொடுக்குமுன் இரண்டு இலவச வாசல்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் இந்திய வர்த்தக, தொழிற்சபையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று உள்ள எஸ்எம்இ நிலையத்தில் ஆலோசகர்கள் கட்டணமின்றிப் பேசுவார்கள். சிங்கப்பூர் சீன வர்த்தக, தொழிற்சபையிலும் அத்தகைய நிலையம் உண்டு. 1906இலிருந்து இயங்கும் சபை அது, சீனத் தொடர்பு அவர்களுக்குக் கைவந்த கலை. நம் ஆட்கள் தயங்கித் தயங்கி அங்கே போகாமலே இருந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பேசினால் போதும், போய்வாருங்கள்.

அடுத்து மானியம். எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் சந்தை ஆயத்த உதவி மானியம் சந்தை ஆய்வு, கூட்டாளி தேடல், கண்காட்சி போன்ற செலவுகளில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. 2020 ஏப்ரலில் ஒரு புதிய சந்தைக்கான உச்சவரம்பை 100,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். விகிதமும் வரம்பும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் வணிக மானியத் தளத்தில் பாருங்கள். உள்ளூர்ப் பங்கு குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும். கவனம்: ஆலோசகரோடு ஒப்பந்தம் போட்டு, பணம் கட்டி, வேலையைத் தொடங்கியபின் விண்ணப்பித்தால் கிடைக்காது. விலைமதிப்பீடு வாங்குங்கள், விண்ணப்பியுங்கள், பிறகு கையெழுத்திடுங்கள். “இன்னிக்கே சைன் பண்ணுங்க, மானியம் நான் வாங்கித் தர்றேன்” என்பவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்கிறார்.

ஆலோசகரிடம் நேருக்கு நேர் கேட்க வேண்டியவை சில. என் வகைப் பொருளை இதற்குமுன் கொண்டுபோயிருக்கிறீர்களா, அந்த ஆலையின் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா? இறக்குமதியாளரிடமும் கமிஷன் வாங்குவீர்களா? இந்த இரண்டாவது கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். இரு பக்கமும் வாங்குவது குற்றமல்ல, மறைத்தால்தான் சிக்கல். வாங்குபவர் கூலி கொடுக்கிற ஆள் உங்களுக்காக விலைபேச மாட்டார். என் தொழிலில் இது சகஜம், அதனால்தான் சொல்கிறேன்.

கட்டணத்தை வேலைகளாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மாதச் சம்பளம்போல் வாங்கிக்கொண்டு ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்வதற்கு முடிவே இல்லை. செய்பொருள் ஆய்வு அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு தவணை, ஆலைப் பதிவு எண் வந்ததும் ஒன்று, சரிபார்த்த இறக்குமதியாளர் பட்டியல் வந்ததும் ஒன்று. விற்பனையில் பங்கு கேட்டால் எந்த விற்பனையில், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்: எல்லாப் பதிவுகளும் கணக்குகளும் உங்கள் நிறுவனத்தின் பெயரில், ஒப்பந்தம் முறிந்தால் கடவுச்சொற்கள் ஏழு நாளுக்குள் உங்களிடம்.

அனுமதி நிச்சயம் என்று உறுதி கொடுப்பவரை விட்டுவிடுங்கள். அனுமதி கொடுப்பது சீனச் சுங்கம், அவர் இல்லை. ‘மேலிடத்தில் ஆள் இருக்கிறது’ என்பவரையும்தான்.

ஏழாம் படி: வாங்குபவர்

ஷாங்காயில் 2018 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 5 முதல் 10 வரை சீன அனைத்துலக இறக்குமதிக் கண்காட்சி நடக்கிறது. சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனம் அங்கே சிங்கப்பூர்க் கூடம் ஏற்பாடு செய்வதுண்டு. உணவுக்கென்றே ஷாங்காயில் மே மாதம் சியால், நவம்பரில் எஃப்எச்சி. குவாங்சோவின் கேண்டன் கண்காட்சி 1957இலிருந்து நடப்பது, பெயர் பெரியது; ஆனால் அடிப்படையில் அது சீனா விற்கும் சந்தை. வாங்குபவரைத் தேடி அங்கே முதல் பயணம் போவது வீண் செலவு.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பங்குதாரர்களில் ஒருவர் குடிமகன், மற்றவர் நிரந்தரவாசி என்றால் பயணச்சீட்டு எடுக்குமுன் இதைப் பாருங்கள். வாட்ஸ்அப் அங்கே வேலை செய்யாது. வீசாட் கணக்கை இங்கிருந்தே திறந்து, அலிபேயில் அட்டையை இணைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பிடித்த நிறுவனத்தின் சீனப் பெயரையும் 18 இலக்க ஒருங்கிணைந்த அடையாள எண்ணையும் கேளுங்கள். ஆங்கிலப் பெயருக்கு அங்கே சட்ட மதிப்பு இல்லை. அந்த எண்ணை அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் இட்டால் உரிமையாளர், பதிவான தொழில், தண்டனை வரலாறு எல்லாம் தெரியும். உணவு இறக்குமதி அவர் தொழில் வரம்பில் இருக்கிறதா, சுங்கத்தில் உணவு இறக்குமதியாளராகப் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒப்பந்தம் சீன மொழியிலும் இருக்கட்டும், நிறுவனத்தின் சிவப்பு முத்திரையோடு. முத்திரை இல்லாத கையெழுத்து அங்கே அரைகுறைதான். தகராறு வந்தால் சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றம் என்று எழுதலாம். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்கும் நியூயார்க் உடன்படிக்கையில் சீனா 1987 முதல் உறுப்பு என்பதால் நடுவர் தீர்ப்பை அங்கே நிறைவேற்றக் கேட்க வழி உண்டு.

தனி உரிமை கேட்பார்கள். நாடு முழுவதற்கும் கொடுக்காதீர்கள். ஒரு மாநிலம், ஓராண்டு, குறைந்தபட்சக் கொள்முதல் அளவு. அதை எட்டாவிட்டால் உரிமை தானாகக் கழியட்டும்.

பணம் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்தே வர வேண்டும். “என் மச்சான் கணக்கு, என் ஊழியர் கணக்கு” என்று துண்டு துண்டாக வந்தால் திருப்பி அனுப்புங்கள். சீனாவில் தனிநபர் ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர் வரைதான் அந்நியச் செலாவணி மாற்றலாம். அதைச் சுற்றிவரத்தான் இந்த வித்தை. உங்கள் சிங்கப்பூர் வங்கி கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எட்டாம் படி: சரக்கு கிளம்புகிறது

சிங்கப்பூர்ப் பக்கம் சிக்கல் குறைவு. உங்கள் நிறுவனத்துக்குச் சுங்கத்துறைக் கணக்கைத் திறந்து, டிரேட்நெட் என்ற இணைய அனுமதி முறை வழியாக ஏற்றுமதி அனுமதி எடுக்க வேண்டும்; பெரும்பாலோர் சரக்கு அனுப்பும் முகவரிடம் விட்டுவிடுவார்கள், அதில் தவறில்லை. பொருள் சிங்கப்பூரில் உருவானது என்று காட்டித் தீர்வைச் சலுகை பெற உதவும் சலுகைத் தோற்றச் சான்றிதழுக்கு மட்டும் முன்னதாகவே ஆலையைச் சுங்கத்துறையில் பதிந்து, முதல் படியில் போட்ட மதிப்புக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். சரக்கு கிளம்பும் வாரத்தில் ஓடினால் நடக்காது. ஏற்றுமதிக்குப் பொருள் சேவை வரி சுழிய விகிதம், ஆனால் ஏற்றுமதி நடந்ததற்கான தாள்கள் வேண்டும். ஆவணங்களை ஐந்தாண்டு வைத்திருங்கள்.

விலையை எந்த நிபந்தனையில் சொல்கிறீர்கள் என்பதில் கவனம். சிங்கப்பூர்த் துறைமுகம் வரை என் பொறுப்பு, அல்லது ஷாங்காய் வரை கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்து என் பொறுப்பு என்பவை சரி. ‘வரி கட்டி வாசலில் தருகிறேன்’ என்ற டிடிபி வேண்டாம். சீனாவில் இறக்குமதியாளராகப் பதியாத உங்களால் அதை முறையாகச் செய்ய முடியாது.

மரப் பலகைகளில் வெப்பமூட்டிய முத்திரை இருக்கிறதா என்று ஏற்றுமுன் பாருங்கள். பொருளில் ஒரு குறையும் இல்லாமல், பலகையில் முத்திரை இல்லாததற்காகச் சரக்கு நிற்பது உண்டு.

முதல் அனுப்புகை சின்னதாக, ஒரே பொருளாக இருக்கட்டும். சுங்கம் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால் நாள் ஆகும். அதையும் சேர்த்து, சரக்கு கடைக்குப் போகும்போது கெடாத காலத்தில் பாதிக்கு மேல் மீதமிருக்கும்படி புதிதாகத் தயாரித்த சரக்கையே ஏற்றுங்கள். சீனப் புத்தாண்டு, அக்டோபர் 1இல் தொடங்கும் தேசிய நாள் விடுமுறை ஆகியவற்றுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அங்கே போய்ச்சேருமாறு எதையும் திட்டமிடாதீர்கள். துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அதை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.